லில்லி அம்மாவுக்கு ஒரு கடிதம்

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஹெப்சி நான்கு பக்கக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து ரத்தினபாயிடம் நீட்டினாள்.

"சித்தி, ஸ்பெல்லிங் மட்டும் பார்த்துக் குடுங்க. ரிசப்ஷன்ல படிக்கப் போறேன்."

ரத்தினபாய் பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஹெப்சியின் அப்பா ஜெபராஜின் முதல் மனைவி லில்லி மஞ்சள் காமாலையில் இறந்தபோது ஹெப்சிக்கு இரண்டு வயது. மறுவருஷம் ரத்தினபாய் இரண்டாம் மனைவியாக அந்த அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்தாள். இந்தக் குழந்தையே போதும், தனக்கென்று இன்னொன்று வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தது ஜெபராஜைத் தவிர யாருக்கும் தெரியாது.

கல்யாண ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருந்த விக்கி, உங்களுக்கே உங்களுக்கென்று ஏதாவது இருக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தான். அதனால் சாப்பாட்டு மேஜைகளுக்கு ஹெப்சியும் மாப்பிள்ளை ஃபிரெடியும் சுற்றித் திரிந்த இடங்களின் பெயர்கள். ஒன்று கோவளம், ஒன்று பல்லாவரம் சந்தை. எல்லாவற்றுக்கும் மேலே, பரலோகத்தில் இருக்கும் அம்மாவுக்கு மகள் எழுதும் கடிதம்.

ரத்தினபாய் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள்.

'அம்மா, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் நான் அழுதபோது மத்தியானம் வரை ஜன்னலுக்கு வெளியே நின்றாய். அம்மை போட்டபோது பதினோரு ராத்திரி தூங்காமல் விசிறினாய். கொதிக்கிற வெந்நீர் என்மேல் சரிந்தபோது உன் கையைக் கொடுத்துத் தடுத்தாய்.'

ரத்தினபாயின் இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். கடிதத்தில் எந்த இடத்திலும் ஹெப்சியின் வயது எழுதப்படவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

"ஹெப்சி, இதெல்லாம் நான் செஞ்சதும்மா."

"தெரியும் சித்தி." ஹெப்சி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவங்களப் பத்தி எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே. வேற என்னத்த எழுதுறது?"

ரத்தினபாய் பேனாவைக் கீழே வைத்தாள். "எனக்கே எழுதியிருக்கலாமே."

"உயிரோட இருக்கறவங்களுக்கு எழுதினா யாரு சித்தி அழுவாங்க?"

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. பருப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோல் சொன்னாள். ரத்தினபாய் ஆறு இடத்தில் ஒற்றுப் போட்டு, இரண்டு 'ன'வை 'ண' ஆக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. "உங்க பிளவுஸை முழுக்கை வெச்சுத் தைக்கச் சொல்லிட்டேன் சித்தி. வீடியோல அந்தக் கை தெரிஞ்சா யாராவது ஏதாவது கேப்பாங்க."

மே மாதத்து வெக்கையில் முழுக்கை பிளவுஸைப் போட்டுக்கொண்டு, குரோம்பேட்டை மண்டபத்தில் ரத்தினபாய் ஜெபராஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஹெப்சி நிறுத்தி நிறுத்தி அழகாகப் படித்தாள். வெந்நீர் இடம் வந்தபோது மண்டபமே மூக்கை உறிஞ்சியது. ஜெபராஜும் கைக்குட்டையை எடுத்தார்.

"லில்லி அப்படித்தான். தன்னப் பத்தி நினைக்கவே மாட்டா" என்றார்.

ரத்தினபாய் அவரையே பார்த்தாள். "அந்த வெந்நீர் என் கையில விழுந்துச்சுங்க. நீங்கதான் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க."

அவர் முகத்தில் ஒரு கணம் என்னவோ ஓடி மறைந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னைக்கு ஒரு நாளாவது லில்லிக்கு விட்டுக் குடுக்கக் கூடாதா?" என்றார்.

படித்து முடித்ததும் ஃபிரெடியின் அம்மா ஜோசலின் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து ரத்தினபாயின் கையைப் பிடித்தாள். "நீங்களும் நல்லாத்தான் வளர்த்தீங்கன்னு சொன்னாங்க. ஆனா பெத்தவங்க பாசம் தனிதான், இல்லையா?"

"ஆமாங்க" என்றாள் ரத்தினபாய். பிடித்த இடத்தில் துணிக்கு அடியில் தோல் இழுத்தது. பந்தி முடியும் வரைக்கும் அவள் கை கழுவும் இடத்தில் நின்றிருந்தாள். யாரும் தேடவில்லை.

டிசம்பரில் ஹெப்சிக்கு ஏழாம் மாதம். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்று ஜோசலின் சொல்லிவிட்டாளாம். ஜெபராஜ் முன்னறையைக் காலி செய்யத் தொடங்கிவிட்டார். ரத்தினபாயிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் அவள் ஜெபக் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. திரையில் ஹெப்சியின் முகம் வீங்கியிருந்தது.

"கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. பிரஷர் ஏறுதுன்னு டாக்டர் சொல்றாங்க. எனக்கு ரொம்ப பயமா இருக்கு. நீங்க கூடவே இருப்பீங்கல்ல, அம்மா?"

இத்தனை வருஷத்தில் ஹெப்சி அவளை அந்த வார்த்தையால் கூப்பிட்டதே இல்லை. ரத்தினபாயின் கை தானாகத் திரையைத் தொடப் போனது. பிறகு போனை அப்படியே ஜெபராஜிடம் கொடுத்தாள்.

"உங்க பொண்ணு லில்லியக் கூப்பிடுறா. நீங்களே பேசுங்க."

"சித்தி... சித்தி..." என்று போனுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் பைபிளை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

ஹெப்சி பிரசவத்துக்கு அஸ்தினாபுரம் வரவில்லை. ஃபிரெடி வீட்டிலேயே சம்பளத்துக்கு ஓர் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.