நானே சொல்லி எழுதிய வரி

வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். எட்டு வருஷத்துக்கு முன், எழுபத்தாறில், ஆம்பூரில் பத்திரம் எழுதும் ஜியாவுல்லா பாய் எதிரில் உட்கார்ந்தபோதுதான் அது நீண்டது.

நான் விரும்பிய தேவசகாயத்துக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. கோயிலில் தாலி கட்ட வேண்டுமென்றால் நான் ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றேன். ரிஜிஸ்தர் கல்யாணத்துக்கோ ஒரு மாதம் பேரைப் பலகையில் ஒட்டுவார்களாம். என் அண்ணன்மார் கத்தியோடு வந்து நிற்பார்கள். அதனால்தான், சேர்ந்து வாழ்கிறோம் என்று ஸ்டாம்பு பேப்பரில் ஓர் ஒப்பந்தம். "எங்க ஊர் கலவையில இருக்கிற நிலத்துக்கு அடி போடுறா" என்று அவர் அண்ணன் ஆரோக்கியசாமி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். எனக்கு வந்ததே கோபம்!

"எழுதுங்க பாய். இவர் மேல எனக்கு எந்த பாத்தியதையும் கிடையாது. செத்தாலும் கேட்க மாட்டேன்."

"இன்னா அமிர்தா, வேணாம்" என்றார் தேவசகாயம். கேட்டேனா?

முந்தாநாள் ஷாப்பின் கழிவுத் தொட்டியில் இறங்கிய தேவசகாயத்தையும் இன்னும் இரண்டு பேரையும் விஷவாயு அடித்துவிட்டது. வெளியே எடுக்க ஒரு பகலும் ஓர் இரவும் ஆயின. முகம் முகமாக இல்லை.

பிணவறை கிளார்க், "நீ யாரும்மா?" என்றார்.

"சம்சாரம்." பத்திரத்தை நீட்டினேன். ஸ்டாம்பு பேப்பர் ஆயிற்றே, இதைவிட என்ன வேண்டும்? மனுஷர் பொறுமையாகப் படித்தார். அந்த வரியை மட்டும், பக்கத்தில் வந்து நின்ற ஆரோக்கியசாமிக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

"செத்தாலும் கேட்க மாட்டேன்னு நீயே எழுதியிருக்க. அண்ணன்கிட்டதான் பாடிய குடுக்கணும்."

"கலவைக்கு எடுத்துட்டுப் போறேன். இவ அந்தப் பக்கம் வரக்கூடாது" என்றான் ஆரோக்கியசாமி.

ஆனால் மூன்றில் எது தன் தம்பி என்று அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் எங்கள் வாசலை மிதிக்காதவனுக்கு எப்படித் தெரியும்? திருதிருவென்று விழித்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவி நான்.

"ஆம்பூர்லயே புதைக்கிறேன்னு சொல்லு, காட்டுறேன். இல்லன்னா வாயே தொறக்க மாட்டேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும் சத்தியமாக வாயைத் திறக்கவில்லை.

நடுவில் கிடந்தவருக்குத் துணி போதவில்லை. பாதங்கள் வெளியே தெரிந்தன. ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பு தின்ற அந்தக் குதிகாலுக்குத் தினமும் எண்ணெய் தடவியவள் நான். காலில் குளிர் பட்டால் அவருக்குத் தூக்கம் வராது. என்னை அறியாமலே குனிந்து, துணியை இழுத்து மூடிவிட்டேன்.

நிமிர்ந்தபோது கிளார்க் அந்த உடலுக்கு நேரே தேவசகாயம் பேரை எழுதிக்கொண்டிருந்தார். ஆரோக்கியசாமி வண்டியைக் கூப்பிடப் போய்விட்டான்.