பன்னிரண்டு மைல் சுற்று

வாங்கிய இருநூற்றுப் பதினோரு நாட்களில் எங்கள் புதுக் கார் பத்தொன்பது முறை நடுவழியில் நின்றது. இது என் கணக்கு. நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எதையும் தேதி போட்டு எழுதிவைப்பேன். அப்பாவைக் கேட்டால், "எப்பவாவது கொஞ்சம் நிக்கும்" என்பார்.

எங்கள் பக்கத்தில் உருப்படாத புதுக் காரை எலுமிச்சை என்பார்கள். எங்கள் அயோவா மாநிலத்தில் அதற்கென்று சட்டமே உண்டு. ஒரே கோளாறை மூன்று முறை பழுதுபார்த்தும் சரியாகவில்லை என்றால் நிறுவனம் காரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் மூன்று முறை போயிருந்தோம். மூன்று முறையும் பேசியவர் அப்பா. அதுதான் சிக்கல்.

அப்பா முப்பத்தொரு வருடம் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். ஒருமுறை வண்டிக் கதவில் விரலை நசுக்கிக்கொண்டபோது மருத்துவரிடம், "வேற யாராவது இருந்தா அவங்கள முதல்ல பாருங்க" என்றார். ஓய்வு பெற்றதும், வாழ்க்கையில் முதல்முறையாக, தானே நிறம் பார்த்து ஒரு கார் வாங்கினார். அதைப் பழுதுபார்க்கக் கொண்டுபோகும்போதெல்லாம் கூடவே ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக் கொண்டுபோனார். தொந்தரவு கொடுக்கிறோமே என்று.

காரை ஓட்டுவது பெரும்பாலும் அம்மாதான். நகர மருத்துவமனையின் சமையலறையில் காலை ஐந்து மணிக்கு வேலை. பேருந்து கிடையாது. பழைய காரை விற்றுவிட்டோம். தானியக் கிடங்கைத் தாண்டி ரயில்பாதையைக் கடந்து போகிற நேர்ச் சாலையில் போகவர நாற்பத்து நான்கு மைல். பிப்ரவரி பத்தாம் தேதியிலிருந்து மீட்டர் ஐம்பத்தாறு காட்டியது. அம்மா இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்ப ஆரம்பித்தாள்.

"ஆத்தோரமா சுத்திப் போறேன். பாக்க நல்லா இருக்கு" என்றாள்.

காலை நாலரை மணிக்கு ஆறு தெரியாது. மைலை எழுதிக்கொண்டேன். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

எங்கள் மனு ஏப்ரலில் விசாரணைக்கு வந்தது. நூலகத்தின் பின்னறை, நீள மேசை. நடுவர் திருமதி ஒடேகார்ட். நிறுவனத்தின் சார்பில் ஃபென்டன் என்ற இளைஞர் வந்திருந்தார். அப்பா அங்கேயும் கேக் கொண்டுவந்திருந்தார். ஃபென்டன் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, அப்பா சொன்னதை எழுதியிருந்த பழுதுச் சீட்டுகளைப் படித்தார்.

"முதல் தடவை: 'சில சமயம் நிக்குது, அவசரம் இல்ல.' ரெண்டாவது: 'என் மனைவி பெடல்ல கால் வெக்கிறதுல ஏதாவது தப்பா இருக்கலாம்.'"

அம்மா திரும்பினாள். "என் காலா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன், மார்லிஸ்."

"அந்தக் கால்தான் உன்னை முப்பத்தாறு வருஷமா எட்டி உதைக்காம இருக்கு."

திருமதி ஒடேகார்ட் இருமினார். ஃபென்டன் தொடர்ந்தார். "மூணாவது ஆயில் மாத்த வந்தது. 'நேரம் இருந்தா அதையும் பாருங்க, இல்லேன்னா விடுங்க.' விட்டுட்டாங்க." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டதுபோல் இருந்தது. "மேடம், இது ஒரே புகார் மூணு தடவை இல்ல. சொல்லப்போனா, இதுல புகாரே இல்ல."

நான் என் நோட்டை முன்னால் தள்ளினேன். திருமதி ஒடேகார்ட் எல்லாப் பக்கங்களையும் புரட்டினார்.

"வெப்பநிலைகூட போட்டிருக்கு. நீ எழுதினதாம்மா?"

தலையாட்டினேன்.

"நல்லா இருக்கு. ஆனா நின்னுச்சுன்னுதான் இருக்கு. நின்னதால என்ன ஆச்சுன்னு இல்லையே." அப்பாவின் பக்கம் திரும்பினார். "நேராவே கேக்குறேன், டுவெய்ன். கார் எப்படி இருக்கு?"

"அவ்வளவு மோசம்னு சொல்ல முடியாது" என்றார் அப்பா.

ஃபென்டன் அதை எழுதிக்கொண்டார்.

"இதனால யாரோட உயிருக்காவது ஆபத்து வந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க. அப்படின்னா மூணு தடவை தேவையில்ல, ஒண்ணே போதும்" என்றார் திருமதி ஒடேகார்ட்.

"சேச்சே, அதெல்லாம் இல்ல. ஓரமா ஒதுக்கி ரெண்டு நிமிஷம் விட்டா சரியாயிடும்."

திருமதி ஒடேகார்ட் பேனாவை மூடினார். "அப்போ என்னால ஒண்ணும் செய்ய முடியாது. கார் உங்ககிட்டதான் இருக்கும்."

"பரவாயில்ல" என்றார் அப்பா. "உங்களுக்குத்தான் சிரமம்."

அம்மா கேக் கத்தியைத் துடைத்தாள். தட்டை மூடினாள்.

"நாளைக்குக் காலையில யாரு ஓட்டிட்டுப் போறது?"

"நீதான். வேலை இருக்குல்ல?"

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அந்த நோட்டுல எத்தனைன்னு போட்டிருக்க?"

"பத்தொன்பது."

"இருபதுன்னு போடு. பிப்ரவரி ஒன்பது."

"என்ன இருபது?" என்றார் அப்பா.

"நீ ஆசையா வாங்கின கார். அதான் சொல்லல." வானிலை சொல்கிற குரலில்தான் பேசினாள். "கிடங்குப் பக்கத்துல, தண்டவாளத்து மேலயே நின்னுடுச்சு, டுவெய்ன். பெல்ட்டக் கழட்டப் பாத்தேன், வரல. ரயிலோட வெளிச்சம் என் மடியில விழுந்தப்புறந்தான் திரும்பக் கிளம்புச்சு."