பாதிக் கிணறு

வெடிக்காரி கிணற்றில் இறங்கப்போகிறாள் என்றதும் ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றெரிச்சல், மீதிப் பேருக்கு வேடிக்கை. கிணறு வெட்டும் தொழிலுக்குப் பெண்பிள்ளை முதலாளியா என்று அவள் காதுபடவே கேட்டார்கள். அவளும் அவர்கள் காதுபடவே பதில் சொன்னாள். அந்தப் பதிலை அச்சில் ஏற்ற முடியாது.

மண்ணெண்ணெய் விளக்கும் குதிரை வண்டியுமாக ஊர் நடந்துகொண்டிருந்த காலம் அது. கிணற்றில் பாறை தட்டினால் ஒரே வழிதான். துளை போட்டு, கரிமருந்தைக் கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு, இரும்புத் தொட்டிக்குள் ஏறி நின்று கயிற்றை இரண்டு தரம் இழுக்க வேண்டும். கிணற்று வாயில் ஓர் உருளை. அதன் இரண்டு பக்கமும் கைப்பிடி. பக்கத்துக்கு ஓர் ஆள். கயிறு அசைந்ததும் இருவரும் சேர்ந்து சுற்றித் தூக்குவார்கள். உருளை பின்னுக்குச் சுழன்றுவிடாமல் பல்சக்கரத்தில் ஓர் இரும்பு நாக்கு விழுந்து பிடித்துக்கொண்டே வரும். திரி எரிந்து முடிவதற்குள் மேலே வந்துவிட்டால் பிழைத்தார்கள்.

அவளுடைய அப்பா பிழைக்கவில்லை. போன மழைக்கு முன்னால் ஒரு நாள், தொட்டி பாதிக் கிணறு ஏறியிருந்தபோது இரும்பு நாக்கு விலகிவிட்டது. தொட்டி அப்பாவோடு சேர்ந்து அடியில் போய் விழுந்தது. அப்புறம் வெடித்தது.

அன்றைக்குக் கைப்பிடியில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பாவின் கூடப் பிறந்த தம்பி, அவளுக்குச் சித்தப்பா. மற்றவன் உருளைக்காரன், அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தவன். "சீக்கிரம் தூக்கணும்னு அவன்தான் நாக்கைக் காலால தள்ளிவிட்டான். அப்புறம் கைப்பிடியையும் விட்டுட்டான்" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நான் நாக்கைத் தொடவே இல்ல. உன் சித்தப்பனைக் கேளு" என்றான் உருளைக்காரன். சுழன்ற கைப்பிடி அடித்து அவன் மணிக்கட்டு முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. விட்டதால்தானே அடித்தது என்றது ஊர்.

அவளும் ஊரோடு சேர்ந்துகொண்டாள். சொந்த ரத்தமா, நேற்று வந்தவனா? நிச்சய மோதிரத்தைக் கழற்றி நடுத்தெருவில் அவன் முகத்தில் எறிந்து, "கொலைகாரா" என்று கத்தினாள். அந்த ஒரு சொல் போதும். அதன் பிறகு அவனுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை.

அவன் ஊரை விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை, அதுதான் அவளை உறுத்தியது. தப்பு செய்தவன் எதற்கு இங்கேயே வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும்? இன்னொரு பக்கம், துக்கம் விசாரித்த வாய் காய்வதற்குள் சித்தப்பா தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். "உனக்கெதுக்கும்மா இந்தப் பாறையும் மருந்தும்? எம்பேருக்கு மாத்திவிடு. நல்ல இடமாப் பார்த்துக் கட்டிக்குடுக்கிறேன், காலை நீட்டி உக்காந்து சாப்பிடு." அன்பாகத்தான் சொன்னார். காலையிலும் சொன்னார், சாயங்காலமும் சொன்னார். அவளுக்கோ காலை நீட்டி உட்காரும் ஆசை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இரண்டு பேரில் ஒருவன் பொய் சொல்கிறான். அது உருளைக்காரன்தான் என்று அவள் மனம் அடித்துச் சொன்னது. அடித்துச் சொன்ன பிறகும் தூக்கம் வரவில்லை. கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

செருப்புக் கடைக்குப் பின்னால் இருந்த அவன் அறை வாசலில் போய் நின்றாள். அவன் எழுந்திருக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

"வேலை இருக்கு. புது ஆஸ்பத்திரிக் கிணறு. உருளையில நிக்கணும்."

"யாரு இறங்குறா?"

"நான்."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "கொலைகாரன் கையில கயித்தைக் குடுக்கிறியா, முதலாளியம்மா? மூளை கீளை குழம்பிப்போச்சா?"

"எதிர்ப்பக்கம் சித்தப்பா நிப்பாரு. அன்னிக்கு நின்ன மாதிரியே."

சிரிப்பு நின்றது. அவன் சரியாகக் கூடாத தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அவளை வெகுநேரம் பார்த்தான். "வரேன். கூலிக்கு வரேன். உன் மூஞ்சிக்காக இல்ல."

"என் மூஞ்சியைப் பார்க்கச் சொல்லி யாரும் உன்னைக் கெஞ்சல."

சித்தப்பா விஷயம் கேள்விப்பட்டு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். அந்தப் பாவியோடு தான் நிற்பதா என்றார். ஆனால் மறுநாளே, "சரிம்மா, உன் இஷ்டம்" என்று அடங்கிவிட்டார். அந்த அடக்கத்தை அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அவள் யோசித்ததெல்லாம் வேறு.

ஆஸ்பத்திரிக் கட்டடம் அப்போது இடுப்பளவுதான் எழும்பியிருந்தது. வெடி வைக்கும் நேரம் வந்ததும் கட்டட மேஸ்திரி சிவப்புத் துணியை ஆட்டி, கொத்தனார்களையெல்லாம் செங்கல் அடுக்குக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனார். கிணற்று வாயில் மிஞ்சியது இரண்டே பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தொட்டியில் ஏறும்போது அவள் இருவரையும் பார்த்தாள். சித்தப்பா, "பார்த்து இறங்கும்மா" என்றார். உருளைக்காரன் எச்சில் துப்பினான்.

அடியில் இருட்டும் ஈரமும். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. அவள் துளையில் மருந்து போடவில்லை. திரியின் ஒரு முனையை வெறுந்துளையில் செருகி, துளையின் வாயைக் களிமண்ணால் பூசினாள். ஏற்கெனவே வெட்டிக் குவித்திருந்த கற்களைத் தன் எடைக்குத் தொட்டியில் அள்ளிப் போட்டாள். திரியைக் கொளுத்தினாள். புகை மேலே போக ஆரம்பித்ததும் கயிற்றை இரண்டு தரம் இழுத்துவிட்டு, பக்கச் சுவரில் கல் பெயர்த்த பொந்துக்குள் ஒண்டிக்கொண்டாள்.

தொட்டி ஏறியது. கடகடவென்று நாக்கு பல்லில் விழும் சத்தம் ஒழுங்காகக் கேட்டது. ஏறட்டும், முழுசாக ஏறிவிடட்டும் என்று அவளை அறியாமல் வேண்டிக்கொண்டாள். யாரும் கொலைகாரன் இல்லை, அன்றைக்கு நடந்தது விபத்து என்று ஆகிவிடட்டும் என்று அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் ஆசைப்பட்டாள்.

பாதிக் கிணற்றில் கடகட சத்தம் நின்றது. அடுத்த மூச்சில் தொட்டி தலைகீழாக வந்து பாறையில் மோதி, கற்கள் நாலாபக்கமும் தெறித்தன. ஒன்று அவள் முழங்கால் தோலைப் பெயர்த்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேலே கொலைகாரன் இருக்கிறான், சரி. எவன்? அடியில் இருந்து பார்த்தால் உருளையும் தெரியாது, கையும் தெரியாது, காலும் தெரியாது. மேலே போனதும் அவன் இவரைச் சொல்வான், இவர் அவனைச் சொல்வார், பழைய கதைதான். பெரிய புத்திசாலி என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு இத்தனை ஏற்பாடு செய்தவளுக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கயிறு அதிர்ந்தது. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஓர் ஆள் சறுக்கி இறங்கிக்கொண்டிருந்தான். அவள் கடப்பாறையை எடுத்துக்கொண்டாள். உயிர் போயிற்றா என்று பார்க்க வருகிறானா? வரட்டும், மண்டையைப் பிளந்துவிடலாம்.

இறங்கியவன் உருளைக்காரன். தொட்டியின் மேலேயே விழுந்து எழுந்தான். அவளைத் தேடவில்லை. "எங்க, எங்க" என்று பைத்தியம் பிடித்தவன் மாதிரி புகைக்குள் துழாவி, சீறிக்கொண்டிருந்த திரியைக் கண்டுபிடித்து, களிமண்ணோடு சேர்த்துப் பிடுங்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் கசக்கி அணைத்தான். தோல் பொசுங்கும் வாடை வந்தது. அப்புறம் அப்படியே துளையின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான், உடம்பால் வெடியை மூடிவிடலாம் என்பதுபோல.

அவள் கையில் கடப்பாறை கனத்தது. கீழே போட்டாள்.

"எந்திரி" என்றாள். "மருந்து இல்ல."

அவன் தலையைத் தூக்கினான். துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். வெறும் விரல் வெளியே வந்தது. சிதறிக் கிடந்த கற்களைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், கடைசியாக அவளைப் பார்த்தான்.

"எனக்கு வெச்ச சோதனையா?"

"ரெண்டு பேருக்கும்."

"யாருன்னு நெனச்சே?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்த வழக்கம் இல்லை. "நீன்னுதான் நெனச்சேன்."

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மேலேயிருந்து கயிறு வந்து விழுந்தது. முழுக் கயிறும், சுருள் சுருளாக, இருவர் தலையிலும் தோளிலும். அதன் நுனியை அவள் இருட்டில் தடவித் தேடி எடுத்தாள். உருளையின் ஆணியில் மாட்டியிருந்த வளையம் பிரியாமல் அப்படியே இருந்தது. யாரோ அதை ஆணியிலிருந்து கழற்றி உள்ளே போட்டிருக்கிறார்கள். வெடிக்கப்போகிற கிணற்றிலிருந்து ஒருவரும் ஏறி வந்துவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை. கழற்றுவதற்கு மேலே இப்போது ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

அவள் வளையத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மேலே ஓட்டமும் கூச்சலும் கேட்டன. "ஐயோ, கயிறு அறுந்துபோச்சே! ரெண்டு பேரும் உள்ள விழுந்துட்டாங்களே! எங்கண்ணன் குலக்கொடியைக் காவு குடுத்துட்டேனே!" கிணறு ஒரு சொல்லையும் சிந்தாமல் அவளிடம் கொண்டுவந்து சேர்த்தது. "கிட்டப் போகாதீங்க, திரி எரியுது!" என்று மேஸ்திரி கத்தினார். சித்தப்பா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம்கூடக் கேட்டது. போன வருடம் அழுத அதே அழுகை. அதே ஏற்றம், அதே இறக்கம், மூச்சு வாங்கும் இடம்கூட மாறவில்லை. அன்றைக்கு அந்த அழுகையைத் தாங்க முடியாமல் அவள்தான் அவரைத் தோளில் சாய்த்து, தண்ணீர் கொடுத்து, தேற்றினாள்.

எழுந்து நின்றாள். கைகளை வாயருகே குவித்துக் கத்தினாள்.

"சித்தப்பா! கயிறு எந்த இடத்துல அறுந்துச்சு?"

அழுகை பட்டென்று நின்றது.

"சொல்லுங்க! முழுக் கயிறும் என் கையில இருக்கு. வளையம்கூட அவிழல. எந்த இடத்துல அறுந்துச்சு?"

மேலே யாரோ ஓடும் சத்தம், பல பேர் துரத்தும் சத்தம், ஒரு ஆள் செங்கல் அடுக்கில் மோதி விழும் சத்தம். "பிடிச்சாச்சு!" என்று ஒரு கொத்தனார் குரல் கொடுத்தான். மேஸ்திரியின் தலை விளிம்பில் தெரிந்தது. "உயிரோடதான் இருக்கீங்களா?" என்றார். மனிதருக்கு வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை.

சாரம் கட்டும் மெல்லிய கயிற்றை உள்ளே விட்டார்கள். அவள் வளையத்தை அதில் முடிந்து அனுப்ப, மேலே பழையபடி உருளையில் மாட்டினார்கள். தொட்டி நசுங்கியிருந்தாலும் ஆளைத் தாங்கும்.

"நீ மொதல்ல போ" என்றான் உருளைக்காரன், அவள் பக்கம் திரும்பாமல்.

"இல்ல. நீ போ. என்னைத் தூக்குறது நீயா இருக்கணும்."

"கை வெந்து கெடக்கு."

"மெதுவாத் தூக்கு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அவன் ஏதோ முணுமுணுத்தான், நிச்சயம் வாழ்த்து இல்லை. தொட்டியில் ஏறிப் போனான். தொட்டி திரும்பி வந்தது. அவள் ஏறி நின்று மேலே பார்த்துக் கத்தினாள். "வேற யாரும் கைப்பிடியைத் தொடக் கூடாது. அவன் மட்டும்தான்."

தொட்டி மெல்ல மெல்ல ஏறியது. கடகட, கடகட. ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் வலியில் மூச்சை இழுப்பது கேட்டது. ஈரச்சுவர் கீழே நழுவிக்கொண்டிருந்தது. பாதிக் கிணற்றில் தொட்டி நின்றது.

அவள் அண்ணாந்து பார்த்தாள். விளிம்பில் நாலைந்து தலைகள். "என்னப்பா, என்ன ஆச்சு?" என்று மேஸ்திரி பதறினார். "விட்டுடாதே, விட்டுடாதே, நான் பிடிக்கிறேன்."

"தள்ளிப் போங்க." உருளைக்காரனின் குரல் நிதானமாக வந்தது. "ஏய், வெடிக்காரி. கேக்குதா? உங்கப்பா கடைசியா நின்னதும் இதே மாதிரி பாதிக் கிணத்துலதான். நடுத்தெருவுல வெச்சு என்னை ஒண்ணு சொன்னே. இப்போ சொல்லு பார்ப்போம். அன்னிக்கு யாரு விட்டா?"

தொட்டி காற்றில் லேசாகச் சுற்றியது. கீழே பாறை, மேலே அவளால் வாழ்க்கை கெட்டுப்போன ஒருவனின் வெந்த கைகள். பயப்பட வேண்டிய இடம்தான். அவளுக்குப் பயமே வரவில்லை. அதை அறிந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அப்பா போன நாளிலிருந்து நெஞ்சில் கல்லாக இறுகிக் கிடந்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது.

"நீ விடல" என்றாள்.

"மேல இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

"நீ விடல! எங்கப்பாவை நீ விடல! நான்தான் அநியாயமாச் சொன்னேன்!"

செங்கல் அடுக்கின் பக்கம் யாரோ சித்தப்பாவை அதட்டி உட்காரவைத்தார்கள். பிறகு நாக்கு பல்லில் விழுந்தது. உருளை மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது.