எண்பத்தெட்டுக் கட்டைகளும் ஒரு பெட்டியும்

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்கால். கலேர்வே சந்தை முக்கில், வாழைத்தார் லாரி ஒன்றுக்கும் கோழி ஏற்றிய வண்டி ஒன்றுக்கும் நடுவில் ஸ்கோவியா மாட்டிக்கொண்டிருந்தாள். வாடகை பைக்கில் போகிறவள் நெரிசலில் மாட்டினாள் என்றால் கம்பாலாவில் எவனும் நம்ப மாட்டான். சந்து பொந்தில் புகுந்து போகத்தானே பைக்! ஆனால் ஓட்டுகிற வஸ்வாவுக்கும் பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்கும் நடுவே, குறுக்குவாட்டில், ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரு பலகைப் பெட்டி கிடந்தது. பெட்டிக்குள் எண்பத்தெட்டுக் கட்டை கீபோர்டு. இரண்டும் சேர்ந்து முப்பது கிலோ. எந்தச் சந்தில் புகுவது?

"அக்கா, தெரியாமத்தான் கேக்கறேன்," என்றான் வஸ்வா, திரும்பிப் பார்க்காமல். "உங்களுக்கு இருக்கிறது பத்து விரல். எதுக்கு எண்பத்தெட்டு கட்டை?"

"உனக்கு இருக்கிறது ஒரே வாய். அதை வெச்சுக்கிட்டு நீ எவ்வளவு பேசற? ஓட்டு."

"எங்க ஓட்ட? கோழி மேலயா?"

அவளுடைய போன் அடித்தது. இசைக்குழுத் தலைவன் கிவும்பி. நான்காவது தடவை. அவள் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வான் என்று தெரியும். குழுவுக்கு ஒரு வேன் இருக்கிறது. அதில் டிரம், ஸ்பீக்கர், கிவும்பியின் மூன்று கிதார், அவனுடைய இஸ்திரி போட்ட சட்டைகள் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. "உன் சவப்பெட்டிக்கு மட்டும் இடமில்ல. அறுபத்தோரு கட்டைல சின்னதா ஒண்ணு வாங்கு, மடியிலயே வெச்சுக்கிட்டு வரலாம்" என்பான். அறுபத்தோரு கட்டையில் அவளுடைய இடது கைக்கு வேலையே இல்லை. அது அவனுக்குப் புரியாது, புரிய வைக்கிற தெம்பும் அவளுக்குப் போய்விட்டது.

நான்கு வருஷம். வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல்கடை இறங்கிவிட்டது. மாடிப்படி இருக்கிற கல்யாண மண்டபம் என்றால் முந்தின நாளே தோளில் தைலம் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். கச்சேரி முடிந்து மற்றவர்கள் கோழி வறுவல் தின்னப் போவார்கள். இவள் பெட்டிக்குக் காவல் உட்கார்ந்திருப்பாள். தெரிந்தவர்கள் காரை நிறுத்தி "ஏறு, விட்டுட்டுப் போறேன்" என்பார்கள். பெட்டியைப் பார்த்ததும் "சரி, அப்புறம் பார்ப்போம்" என்று போய்விடுவார்கள். இதை விற்றுத் தொலைக்கலாம் என்றால், இதைவிட்டால் அவளுக்கு வேறு பிழைப்பும் தெரியாது. சனியனைத் தூக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது.

ஆனால் இன்றைக்குத்தான் கடைசி. நாளை காலை பத்து மணிக்கு என்டெபேயில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் அவள் வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் நிரந்தர வேலை. நிபந்தனை ஒன்றுதான்: முழு அளவுக் கீபோர்டு அவளே கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் அது அங்கேயே, சாப்பாட்டுக் கூடத்து மேடையிலேயே இருக்கும். அவள் கையை வீசிக்கொண்டு போகலாம், வரலாம். கையை வீசிக்கொண்டு!

கயாசா சாலையில் அன்றைய கச்சேரி நடக்கிற பெண் வீட்டை அடைந்தபோது மணி பத்தே முக்கால். வாசல் கேட் சாத்தியிருந்தது. குவாஞ்சுலா வீடு அது. மாப்பிள்ளை தன் ஆட்களோடு வந்து, பெண் வீட்டாரிடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டு பெண் கேட்கிற நாள். கேட்டுக்கு வெளியே மாப்பிள்ளை வீட்டார் எண்பது பேர், ஆண்கள் வெள்ளை கன்ஸு அங்கியிலும் பெண்கள் கோமேசி என்கிற பட்டு உடையிலும், சீர்வரிசையோடு வரிசைகட்டி நின்றார்கள்.

"நான் பெண் வீட்டுக் கச்சேரி," என்றாள் கேட்காரனிடம்.

"கச்சேரி எட்டு மணிக்கே வந்தாச்சு. இனிமே இந்தக் கேட் வரிசைக்குத்தான் திறக்கும். வேணும்னா பின்பக்கம் சமையல்கட்டு வழியா போ."

பின்பக்கம் போய்ப் பார்த்தாள். நாணல் வேலியில் ஓர் ஆள் நுழையும் சந்து, அதற்கு நேரே வாழையிலைப் பொட்டலங்கள் வேகும் ஐந்து அடுப்பு. இந்தப் பெட்டி எங்கே நுழைய? திரும்பி வந்தபோது வரிசை நகர ஆரம்பித்திருந்தது. அதில் மாப்பிள்ளையின் நண்பர்கள் இருவர் வெறுங்கையோடு நெளிந்துகொண்டிருந்தார்கள். சீர் வரிசையில் வெறுங்கையோடு நுழைவது எவ்வளவு கேவலம்!

"அக்கா, குடுங்க குடுங்க, நாங்க தூக்கறோம்!"

நான்கு வருஷத்தில் அவளிடம் யாரும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. சட்டென்று கொடுத்துவிட்டாள். அந்தப் புத்திகெட்ட ஒரு நொடிதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

வரிசை உள்ளே போனது. ரொட்டிக் கூடை, உப்பு, சர்க்கரை மூட்டை, சோடாப் பெட்டிகள், மாமியாருக்குத் துணி, மைத்துனனுக்குச் சேவல். எல்லாவற்றையும் புல்தரையில் விரித்த பாயில் வைத்தார்கள். இடையில், பத்திரமாக, அவளுடைய பெட்டியையும் வைத்தார்கள். அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வருவதற்குள், பெண் வீட்டுக்காகப் பேசுகிற முவோங்கே மைக்கோடு குனிந்து பெட்டியைத் திறந்துவிட்டார்.

"அடேங்கப்பா! ஜனங்களே, பியானோ! நம்ம பொண்ணுக்குப் பியானோ கொண்டு வந்திருக்காங்க!"

பந்தலில் பெண்கள் குலவையிட்டார்கள். பெண்ணின் அப்பா கிசூலே நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளனுக்கு இது என்ன என்றே தெரியாது. ஆனால் முந்நூறு பேர் கைதட்டும்போது தெரியாது என்று சொல்ல அவன் என்ன மடையனா? "உங்க பொண்ணு சபையில பாடுறாங்கன்னு கேள்விப்பட்டோம்யா. எங்க பையன் சும்மா இருப்பானா?" என்று ஒரே போடாகப் போட்டான்.

"ஏற்றுக்கொண்டோம்!" என்றார் முவோங்கே.

அவ்வளவுதான். கேட்டைத் தாண்டி வரிசையில் வந்தது சீர். ஏற்றுக்கொண்ட சீர் திரும்பாது. கூடையும் பெட்டியும்தான் சாயங்காலம் காலியாகத் திரும்பும்.

ஸ்கோவியா வாயைத் திறந்தாள். கிவும்பி ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் இழுத்தான்.

"மூச்சு விடாத. இப்ப நீ அது என்னோடதுன்னு சொன்னா, மாப்பிள்ளை மூஞ்சியை எங்க கொண்டு போய் வெப்பான்? அடுத்தவ சாமானைச் சீரா கொண்டாந்தவன்னு பொண்ணோட அப்பா இப்பவே கேட்டைத் திறந்து அனுப்பிடுவாரு. கல்யாணத்தையே நிறுத்தினவங்கன்னு இந்த ஊர் எல்லைக்குள்ள நம்மளை எவன் கூப்பிடுவான்?"

"நாளைக்கு எனக்கு என்டெபேடா!"

"அப்புறம் பேசிக்கலாம்."

"எப்ப அப்புறம்? சீர் ரூமுக்குள்ள போனதுக்கு அப்புறமா?"

மைக்கில் முவோங்கே அழைத்தார்: "பொண்ணோட பியானோவை யாராவது வாசிச்சுக் காட்டுங்கப்பா!"

கீபோர்டை எடுத்து ஸ்டாண்டில் வைத்தார்கள். ஸ்கோவியா தன் சாமானிலேயே, அடுத்தவளின் சாமானை வாசிப்பதைப் போல, மூன்று மணி நேரம் வாசித்தாள். கை மட்டும் தப்பு செய்யவில்லை. 'இந்தா, அழகா எழுந்து போயிடலாமே, இனிமேல் தூக்க வேண்டியதே இல்லையே' என்று தோள் சொல்லிற்று. தோளுக்கு என்ன தெரியும்? அது இல்லாமல் நாளைக்கு எங்கே போவாள்?

இடைவேளையில் முகம் கழுவ வீட்டுக்குள் போனாள். நடு அறையில் மணப்பெண் நஸ்ஸாலி, மூன்றாவது உடைக்கு மாறி, கூப்பிடும் வரை வெளியே வரக்கூடாது என்பதால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அப்படியேதான் இருக்கிறாளாம்.

"நீங்கதானே வாசிச்சது? நல்லா இருந்துச்சு அக்கா. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. நான் சபையில பாடினா பாஸ்டரே வெளியே போயிடுவாரு. எனக்கு எதுக்கு பியானோ?"

ஸ்கோவியா சிரிக்க முயன்றாள்.

"இன்னொண்ணும் புரியல. ஜன்னல் வழியாப் பார்த்தேன். புதுச் சாமான்ல ஓரத்துக் கட்டை உடைஞ்சு டேப் ஒட்டியிருக்கு. யாரோடது அது?"

சொல்லிவிடலாம். இவளிடம் சொன்னால் என்ன? ஆனால் சொன்னால் இவளுக்கு வரப்போகிறவன் பொய்யன் ஆவான். அதுவும் இன்றைக்கு, இந்த உடையில் இருக்கும்போது.

"உங்களோடதுதான்மா," என்றாள் ஸ்கோவியா. சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. பாழாய்ப்போன கண்!

நஸ்ஸாலி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளுடைய இறங்கின வலது தோளைப் பார்த்தாள்.

மூன்றரை மணிக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கீபோர்டோடு சேர்த்து சீர் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஸ்கோவியாவுக்கு மட்டோக்கே வாழைக்காய் மசியல் ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஐந்து மணிக்கு, வெயில் சாய்ந்தபோது, வீட்டு வாசலில் பெண்ணின் கையால் காலிக் கூடைகளைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். கடைசியாக, "பியானோ பெட்டி!" என்று யாரோ கத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது எதற்கு?

"நான் எடுத்துக்கிறேன்," என்றாள் ஸ்கோவியா. பெட்டியாவது மிஞ்சட்டும்.

பெட்டி வாசற்படியில் நின்றது. பக்கத்தில் நஸ்ஸாலியும் அவளுடைய இரண்டு தங்கைகளும், மூன்று பேர் நெற்றியிலும் வேர்வை.

"வெறும் பெட்டிதான் அக்கா," என்றாள் நஸ்ஸாலி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "காத்து அடிச்சா பறந்துரும். கெட்டியா புடிச்சுக்கோங்க."

ஸ்கோவியா ஒற்றைக் கையால் அலட்சியமாகக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

பெட்டி எழவில்லை.

ஒரு நொடி அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் தோளுக்குத்தான் முதலில் விளங்கிற்று. அந்தக் கனத்தை அதற்குத் தெரியாதா? முப்பது கிலோ. ஒரு கிலோகூடக் குறையவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். நஸ்ஸாலியின் கண் சொன்னது: தூக்கு. சும்மா தூக்கு. முந்நூறு பேர் பார்க்கிறார்கள்.

கேட்டுக்கு அறுபது அடி. நான்கு வருஷமாக முனகிக்கொண்டும், வைதுகொண்டும், வளைந்துகொண்டும் தூக்கின பெட்டியை, அன்றைக்கு மட்டும், வெறும் பெட்டியைப் போல ஒற்றைக் கையில் வீசிக்கொண்டு போக வேண்டும். ஸ்கோவியா பல்லைக் கடித்தாள். பல் தெரிந்ததால் அது சிரிப்பைப் போலவே இருந்தது. நடந்தாள். பத்து அடி. இருபது. முழங்கை கழன்றுவிடும் போலிருந்தது.

"மகளே!"

மாமரத்தடியில் கிசூலே. பெண்ணின் அப்பா, வீட்டுப் பெரியவர். ஊர் வழக்கப்படி மண்டியிட்டு வணங்காமல் அவரை எப்படிக் கடந்து போவது? பெட்டியைத் தரையில் வைத்தாள், சத்தம் வராமல், ஒரு முட்டையை வைப்பதைப் போல. மண்டியிட்டாள்.

"நல்லா வாசிச்சேம்மா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்யா."

"அப்பா அம்மா? வேலையெல்லாம் எப்படி?"

"ஆண்டவன் புண்ணியத்துல போகுதுய்யா."

அவர் விடுகிற ஆளாக இல்லை. "என் பொண்ணைப் பாரேன், அந்தப் பியானோவைத் தன் ரூம்ல வெச்சுப் பூட்டிட்டா. கல்யாணம் முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாதாம். என்னையே உள்ள விடல!" என்று பெருமையாகச் சிரித்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "நீ எதுக்கும்மா தூக்கற? குடு, நான் கேட் வரைக்கும் கொண்டாந்து தர்றேன்." கையை நீட்டியே விட்டார்.

"ஐயோ வேண்டாம்யா!" ஸ்கோவியா துள்ளி எழுந்தாள். எழுந்த வேகத்தில் பெட்டியும் எழுந்துவிட்டது. எப்படி என்று அவளுக்கே தெரியாது. "வெறும் பெட்டிய்யா. நீங்க போய்த் தூக்கறதா? சுண்டு விரல் போதும்."

"இந்தக் காலத்துப் பொண்ணுங்க பலசாலிங்க," என்றார் கிசூலே.

மிச்சம் நாற்பது அடியை அவள் எப்படி நடந்தாள் என்று கேட்கக்கூடாது. கேட்டுக்கு வெளியே வஸ்வா சோகமாக நின்றிருந்தான். விஷயம் அவனுக்கும் எட்டியிருந்தது.

"போச்சா அக்கா? வெறும் பெட்டிதான் மிச்சமா?" என்று அவன் பெட்டியை அவள் கையிலிருந்து ஒற்றைக் கையால் வாங்கினான். அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து பைக்கின் மேல் விழப்போனான். "யம்மாடி! இது—"

"சிரிடா," என்றாள் ஸ்கோவியா பல்லிடுக்கில். "வாயை மூடிக்கிட்டுச் சிரி."

கலேர்வேயில் மறுபடியும் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் கரி மூட்டை லாரி, பக்கத்தில் மினிபஸ். பெட்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது, நகர வழியில்லை. ஸ்கோவியா இரண்டு கையாலும் பெட்டியை அணைத்து, அதன் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். தோள் விண்ணென்று தெறித்தது.

"கனமா இருக்கா அக்கா?" என்றான் வஸ்வா.

"இருக்குடா," என்றாள். "நல்லா, நல்லா கனமா இருக்கு."