கோமதியம்மாளின் ஓட்டு

அனிமே விஷயத்தில் மாரிசெல்வியிடம் யாரும் வாலாட்ட முடியாது. வாஷியில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் பில் போடுகிற வேலை. போக வர ரயிலில் நின்றுகொண்டே வருஷத்தில் வந்த ஜப்பான் தொடர்களையெல்லாம் பார்த்துத் தள்ளியவள். 'கார்ட்டூன்தானே' என்று அவள் காதுபடச் சொன்னவர்கள் மறுபடி ஒருமுறை சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கும் ஒரு ஆறாத மனக்குறை இருந்தது. மாட்டுங்காவில் மாதவ் குடியிருக்கும் கட்டடத்து ஹாலில் ஒவ்வொரு டிசம்பரிலும் அனிமே சிநேகிதர்கள் கூடுவார்கள். நடத்துவது மாதவ்தான். தனக்கு அந்த வருஷம் பிடித்த தொடர் இதுதான் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்லித் தொண்டை வறள வாதாடுவார்கள். ஓட்டில் ஜெயிக்கிற தொடரை ஜனவரி முழுக்க அதே ஹாலில் பெரிய திரை கட்டிச் சேர்ந்து பார்ப்பார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். சொல்பவரைத் தவிர இன்னொருவரும் அந்தத் தொடரைக் கடைசிவரை பார்த்திருக்க வேண்டும். நேரில் வந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவருக்குச் சாட்சி என்று பெயர். சாட்சி வெளியாளாகவும் இருக்கலாம், அவருக்கும் ஒரு ஓட்டு உண்டு.

இந்தச் சாட்சியில்தான் மாரிசெல்வி வருஷா வருஷம் தடுக்கி விழுந்தாள். அவளுக்குப் பிடிப்பதை ஊரில் வேறு ஒரு ஜீவனும் பார்த்திருக்காது. "சாரி செல்வி, ரூல்னா ரூல்தானே" என்று மாதவ் போன வருஷம் உதட்டைப் பிதுக்கியதை அவள் மறக்கவில்லை.

இந்த வருஷம் அவளுடைய தொடர் 'கடைசிப் படகு'. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் வந்த பிறகும் படகை நிறுத்தாத ஒருத்தியின் கதை. அடிதடி கிடையாது, அரக்கன் கிடையாது. அதைப் பெரிய திரையில் ஏற்றியே தீருவது என்று மாரிசெல்வி சபதம் போட்டாள். சாட்சியையும் வீட்டிலேயே தயார் செய்தாள்.

அவள் அம்மா கோமதியம்மாள்தான் அந்தச் சாட்சி. தாராவி வீட்டில் மிஷின் போட்டு, பர்சுகளுக்கு ஜிப் தைத்துக் கொடுப்பவள். திரையில் ஓடும் இங்கிலீஷ் எழுத்து அம்மாவுக்கு ஆகாது. ஆகவே மகள் சாயங்காலங்களில் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தையெல்லாம் தமிழில் சொன்னாள். ஜப்பான் பெயர்கள் அம்மாவின் வாயில் நிற்காததால் படகுக்காரி சயோவுக்குப் பேச்சி என்றும் அவள் தம்பிக்குச் சுடலை என்றும் பெயர் சூட்டினாள். தான் சொல்லித்தானே அம்மாவுக்கு இந்த உலகமே தெரிகிறது என்று மகளுக்கு உள்ளூரக் கர்வம்.

"எம்மா, உனக்குப் புடிச்சிருக்கா?" என்று கடைசி எபிசோட் முடிந்ததும் கேட்டாள்.

"உனக்குப் புடிச்சா எனக்கும் புடிச்ச மாதிரிதானட்டி."

அம்மா எப்போதும் அப்படித்தான். புடவைக் கடையில் 'நீயே பாத்து எடு' என்பாள். ஓட்டலில் 'எல்லாருக்கும் என்னவோ அதையே சொல்லு' என்பாள். மாரிசெல்வி அதற்குமேல் கேட்கவில்லை.

கூட்டத்தன்று கோமதியம்மாள் நல்ல சேலை உடுத்தி, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மாதவ் போனில் கதைச்சுருக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மரியாதையாகவே கேட்டான்.

"சொல்லுங்கோ மாமி, சயோ படகை யாருக்கு வித்தா?"

"சயோவா? அது யாரு தம்பி?"

ஹால் கொல்லென்று சிரித்தது. மாரிசெல்விக்குத் தலையில் இடி விழுந்தது. பெயர் மாற்றிச் சொன்னோமே, நிஜப் பெயரைச் சொல்லிக்கொடுக்க மறந்தோமே, பாவி!

"எம்மா, பேச்சி! நம்ம பேச்சியத்தான் கேக்காரு!"

"பேச்சியா? அப்படிக் கேளுங்க. அவ எங்க வித்தா? விக்கேன்னு சொல்லி அட்வான்ஸு வாங்கினா. அந்நேரம் அக்கரையில புள்ளத்தாச்சி ஒருத்தி கூப்பிடுத சத்தம் கேட்டு, ரூவாயை அவன் கையிலயே திணிச்சுட்டுத் துடுப்பை எடுத்துட்டாள்லா! வித்தாளாம்ல!"

மாதவ் போனைப் பார்த்தான், நிமிர்ந்தான், சிரித்தான். "வேணும்னேதான் தப்பாக் கேட்டேன் மாமி. பேச்சியோ சயோவோ, கதை கரெக்ட். சாட்சி செல்லும்."

மாரிசெல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் தடவையாக அவளுடைய தொடர் ஓட்டுக்கு வந்துவிட்டது. வாதாடவும் வாதாடினாள், மூச்சு விடாமல். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மற்றவையெல்லாம் கழிந்தபின் எதிரே நின்றது சுஷ்மா சொன்ன 'இரும்பு வேட்டை'. ராட்சச இயந்திரங்கள் மோதிக்கொள்ளும் தொடர். 'தகர டப்பாச் சண்டை' என்று மாரிசெல்வி அதை வருஷம் முழுக்கக் கரித்துக் கொட்டியிருக்கிறாள்.

கைகளை எண்ணினார்கள். இரண்டும் சமம்.

"ஆண்ட்டி இன்னும் கை தூக்கலையே" என்றாள் சுஷ்மா.

எல்லாரும் திரும்பினார்கள். மாரிசெல்வி சிரித்துக்கொண்டே அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினாள். ஜெயித்தாயிற்று, இனி என்ன!

கோமதியம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "எனக்குப் புடிச்சதையா கேக்கிய?"

"ஆமா மாமி, உங்களுக்கு, உங்களுக்கு மட்டும்" என்றான் மாதவ்.

"அப்பம் இரும்பு வேட்டை."

"எம்மா!" என்று மாரிசெல்வி கத்தியே விட்டாள். "அதை நீ எப்பம் பாத்த?"

"நீ வாஷிக்குப் போன பொறவு. பழைய போனுல இந்தியில வருதே. ஜிப் தைச்சுக்கிட்டே பாத்தேன். நீ சொல்லித்தரணும்னு இல்லைலா." கோமதியம்மாள் முந்தானையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பேச்சி நல்ல புள்ளதான். ஆனா இதுல, அடிபட்டு வார மிஷினை ராவோட ராவா முறுக்கிச் சரி பண்ணுதாள்லா ஒரு பொம்பள? பதக்கம் பூராவும் ஓட்டுதவனுக்கு. அவ பேரை ஒருத்தனும் சொல்ல மாட்டான். கடைசியில ஓட்ட ஆளில்லைன்னதும் அவளே ஏறி உக்காந்து கெளப்பினா பாருங்க, நான் தையலை நிப்பாட்டிட்டுக் கை தட்டுனேன். வீட்டுல யாருமே இல்ல, தனியாக் கை தட்டுனேன்."

"க்யா பாத் ஹை ஆண்ட்டி!" என்று சுஷ்மா இந்தியில் மெச்சித் துள்ளினாள். ஹால் முழுக்கக் கைதட்டல். 'கடைசிப் படகு' ஒரே ஒரு ஓட்டில் தோற்றுப் போனது.

மாரிசெல்விக்கு முகம் சிவந்தது. பெற்ற தாயே கவிழ்த்துவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது. இத்தனை பேர் நடுவில், பெற்ற மகளுக்கு எதிராக, எனக்குப் பிடித்தது இதுதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். புடவைக் கடையில் ஒருநாளும் வாய் திறக்காத அம்மா! மாரிசெல்விக்கு நெஞ்சு பொங்கியது. பக்கத்தில் இருந்தவனிடம், அவனுக்குத் தெரியாதது போல, "எங்க அம்மா" என்றாள்.

வீட்டுக்கு நடக்கையில் கோமதியம்மாள் கேட்டாள். "கோவமாட்டி?"

"கோவந்தான். நாளைக்கு வரைக்கும் பேச மாட்டேன்."

"பேசாண்டாம். ஆனா ஒரு காரியம். அடுத்த வருசம் நானும் ஒண்ணு சொல்லலாம்னு இருக்கேன். இப்பமே பாக்க ஆரம்பிச்சுட்டேன். அந்த மாதவ் தம்பிகிட்ட என் பேரையும் குடுத்தாச்சு." கோமதியம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீதான் எனக்குச் சாட்சி. ஒழுங்காக் கடைசி வரைக்கும் பாக்கணும், என்ன?"