மேல் கோயிலுக்கு ஒரு சான்று

நெஸ்டா பேனாவை அப்பாவின் விரல்களுக்கிடையே செருகினாள். அது மறுபடியும் போர்வையில் விழுந்தது. இந்த முறை அவர் வேண்டுமென்றே விட்டதாகத்தான் பட்டது.

“எனக்கு நானே சான்று எழுதிக்க முடியாதுடி. சபை கூடணும்.”

“சபையில யாரு இருக்கா? நீங்களும் காது கேக்காத பெரில் அத்தையும்தான்.”

“ரெண்டு பேர்னாலும் சபை சபைதான்.”

இன்று, மிஞ்சினால் நாளை என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வேல்ஸ் மலையடியில் அறுபது வீடுள்ள அந்தக் குவாரி ஊரில் கிறிஸ்தவக் கோயில் இரண்டு. பாலத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற, விட்டுப்போகும் சபையின் சான்று வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் மேல் கோயிலின் கூரையை மாற்றினார்கள். குவாரியில் பலகைக்கல் பிளக்கிற அப்பா எல்வின், கூரைக்கு வந்த கல்லை விரலால் தட்டிப் பார்த்தார். நல்ல கல் மணிபோல ஒலிக்கும். இது மரம்போலச் சத்தமிட்டது. நீர் உறிஞ்சும், உறைபனியில் விரியும் என்றார். மூப்பர்கள் கேட்கவில்லை. அவர் கீழ்க் கோயிலுக்கு இறங்கிவிட்டார். அம்மா மேலேயே இருந்தாள். ஞாயிறுதோறும் இருவரும் பாலம்வரை சேர்ந்து நடந்து, அங்கே பிரிவார்கள். ஆராதனை முடிந்ததும் முதலில் வந்தவர் அங்கேயே காத்திருப்பார்.

அம்மா இறந்தபோது மேல் கோயில் கல்லறைத் தோட்டத்தில் ஒன்பதடி தோண்டி, எல்வின் பிளந்து கொடுத்த பலகைக்கல்லால் பெட்டியை மூடினார்கள். கல்லுக்கு மேலே உள்ள இடம் அவருக்கு. ஆனால் மேல் கோயிலின் அங்கத்தினருக்கு மட்டுமே அங்கே இடம்.

பெரில் அத்தையைக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு நெஸ்டா மேட்டில் ஏறினாள். மேல் கோயிலின் மூப்பர் இத்வால், பிரசங்க மேடையின் பக்கத்தில் சொட்டுக்கு நேராக ஒரு வாளியை நகர்த்திக்கொண்டிருந்தார்.

“ஒழுகுதா மாமா?”

“ஒழுகல. கசியுது.”

“அப்பாவுக்கு அம்மாகிட்ட இடம் குடுங்க. சான்று எதுக்கு? அவர உங்களுக்குத் தெரியாதா?”

“சான்று வேணும், அதுவும் ஆறு மாசத்துக்குள்ள எழுதினதா இருக்கணும். நானா விதி போட்டேன்? இங்க செயலாளரா இருந்தப்போ உங்கப்பன் போட்டது. அவன் கையெழுத்தையே காட்டட்டுமா?”

“வேண்டாம். பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு.”

வீட்டுக்கு வந்ததும் அப்பா கண்ணைத் திறந்தார். சான்றைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தாள்.

“கூரை இன்னும் ஒழுகுதா?”

“ஒழுகுதுப்பா.”

“ம்,” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அந்த முகத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

நாலு மணிக்கு மூச்சு நின்றது. பேனா போர்வை மடிப்பிலேயே கிடந்தது.

உடுத்திவிட, அவர் ஞாயிறுதோறும் சட்டைமேல் மாட்டும் வெள்ளைக் காலரைத் தேடினாள். காலர் பெட்டியின் அடியில் ஓர் உறை இருந்தது. மேல் கோயிலின் விலாசம், ஒட்டிய உறை. பிரித்தாள். எல்வினை மேல் கோயிலுக்கு அனுப்பிவைக்கும் சான்று. முறைப்படி சபை கூடி, அப்போது மிச்சமிருந்த பதினோரு பேரும் கையெழுத்திட்டிருந்தார்கள். தேதி ஒன்பது வருடம் பழையது. அம்மாவை அடக்கம் செய்த மூன்றாவது வாரம்.

“பாலத்தத் தாண்டி நூறு அடி,” என்றாள் கட்டிலைப் பார்த்து. “அதக்கூட நடக்க முடியலயா உங்களால?”

பெரில் அத்தை, “என்ன?” என்றாள்.

“ஒண்ணுமில்ல!” என்று கத்தினாள் நெஸ்டா.

மழை வலுத்திருந்தது. தோட்டத்து வாசலில் இத்வாலை மறித்துக் காகிதத்தை நீட்டினாள். அவர் எழுத்தெழுத்தாகப் படித்தார். தேதியில் அவர் கட்டைவிரல் நின்றது.

“செல்லாதுன்னு நீங்க சொல்ல வேண்டாம் மாமா. எனக்கே தெரியும்.”

அவர் காகிதத்தை மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“தேதிதான் தெரியமாட்டேங்குது. கண்ணாடிய வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன்.”

சாவியை எடுத்துப் பூட்டைத் திறக்கக் குனிந்தார். அவர் மூக்கின் மேல் கண்ணாடி மழையில் நனைந்துகொண்டிருந்தது.