நான் வளர்த்த பேத்தி

பேத்தி வளர்ப்பதில் என்னை மிஞ்ச இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. வேண்டுமானால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், அத்தனை பேரும் அதையே சொல்வார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து அதைத்தானே அளந்துகொண்டிருக்கிறேன்! அந்த நேரத்தில் குழந்தை எங்கே என்று இதுவரை ஒருவனும் கேட்டதில்லை.

குழந்தை பக்கத்து வீட்டில்.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கும் கைசர் ஜஹான் வீட்டுக்கும் நடுவே ஒரே காம்பவுண்டு சுவர். என் மகள் வினோதினி கலெக்டர் ஆபீஸுக்கு ஸ்கூட்டியைக் கிளப்பித் தெருமுனை திரும்ப வேண்டியதுதான், பேத்தி கவியாவைச் சுவருக்கு மேலே நீட்டிவிடுவேன்.

"அவசர வேலையாண்ணா?" என்பாள் கைசர் ஜஹான்.

"பத்தே நிமிஷம்மா."

அந்தப் பத்து நிமிஷம் பொழுது சாயும்வரை நீளும். வினோதினி வருவதற்குள் குழந்தை சுவர் தாண்டி என் தோளுக்கு வந்துவிடும். கூடவே என் முனகலும் வந்துவிடும்.

"இடுப்பே போச்சும்மா. நீ பெத்தது புள்ளையா, கோயில் யானையா? இன்னிக்கு மட்டும் நூறு தடவை தூக்கியிருப்பேன்."

பாவம், நம்பிவிடுவாள். ஆபீஸ் புடவையைக்கூட மாற்றாமல் வெந்நீர் வைத்து எனக்கு ஒத்தடம் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமையானால் எனக்கு ஆட்டுக்கால் சூப், அவளுக்கு முந்தின நாள் ரசம். மாப்பிள்ளை கோபி ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். என் மனைவி ஜோதியம்மாள் காலமாகிவிட்டாள். ஆக, ஒத்தடமும் சூப்பும் எனக்கு ஏகபோகம்.

இதற்கிடையில் வினோதினிக்குச் சென்னையில் மூன்று மாதப் பயிற்சி வந்தது. முடித்தால் பதவி உயர்வு. கவியா வயிற்றில் இருந்தபோது ஒருமுறை வந்ததை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவள். இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"உங்களால தனியா பாத்துக்க முடியுமாப்பா?"

"என்னாம்மா இப்டி கேட்டுட்ட? கீழ்பென்னாத்தூர் ரூட்ல ஆயுசு பூரா கண்டக்டரா இருந்தவன் நான். ஒரு ட்ரிப்புக்கு நாப்பது கொழந்தைங்க அழும். ஒரு விசில் குடுப்பேன், நாப்பதும் கப்சிப்!"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்குக்கூட நான் சொன்னதெல்லாம் உண்மைதானோ என்று தோன்றிவிட்டது.

அந்த வாரம்தான் தீபத் திருவிழாவில் தேர். குழந்தை பிறந்தால் கரும்புத் தொட்டில் எடுப்பதாக வினோதினி வேண்டியிருந்தாள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, மஞ்சள் புடவையில் தொட்டில் போட்டு, பெற்றவர்கள் ஆளுக்கொரு முனையைத் தோளில் தாங்கி மாட வீதியைச் சுற்ற வேண்டும். முன்னால் கோபி, பின்னால் வினோதினி, நடுவில் கவியா. நான் எல்லோருக்கும் முன்னால், தேரையே ஒற்றை ஆளாக இழுக்கிறவன் மாதிரி வழிவிடச் சொல்லிக்கொண்டு போனேன்.

பாதி வீதியில் மேளம் காதருகே அதிர, கவியா அழ ஆரம்பித்தாள். அழுகையா அது? மலை ஒரு அடி நகர்ந்திருக்கும்.

"அப்பா, நீங்க எடுங்க. உங்ககிட்டதான் நிப்பா" என்றாள் வினோதினி.

எடுத்தேன். கவியா என் முகத்தைப் பார்த்தாள். பஸ் மாறி ஏறிவிட்டவள்போல ஒரு பார்வை. அடுத்த நொடி வில்லாக வளைந்து வீறிட்டாள். விசிலடித்தேன். இரண்டு மடங்கு ஆனது. டீக்கடைக் கூட்டாளி இருசப்பன் கும்பலிலிருந்து எட்டிப் பார்த்தான். பெண் போலீஸ் ஒருத்தி வந்துவிட்டாள்.

"பெரியவரே, யாரு கொழந்தை இது?"

"என் பேத்திம்மா."

"பேத்தியா இப்டி கத்துது?"

"எங்கப்பாதான் மேடம்" என்றாள் வினோதினி, தோளில் கரும்போடு. குரலில் அவ்வளவு பெருமை. "நாள் பூரா அவர்தான் வெச்சிருப்பாரு."

"அப்ப எதுக்கு அழுவுதுன்னு அவருக்குத் தெரியணுமே?"

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை. பசியா, தூக்கமா, வலியா, ஒன்றுமே தெரியவில்லை.

நாங்கள் நின்றது ஹபீப் முகம்மதுவின் வளையல் கடை வாசல். கைசர் ஜஹானின் வீட்டுக்காரர் அவர். திருவிழாக் கூட்டத்துக்கு ஒத்தாசையாக அன்று அவளும் கடையில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கவியா கவனித்துவிட்டாள். என் கையிலிருந்து அப்படியே பாய்ந்தாள். கைசர் ஜஹான் தோளில் முகத்தைப் புதைத்ததும் சத்தம் நின்றது.

"பல்லு வருதுல்ல, அதான்" என்றாள் கைசர் ஜஹான், குழந்தையின் முதுகைத் தடவியபடி. "இது அவ தூங்கற நேரம் வேற. கேரட்டு குடுத்தா கடிச்சிக்கினே தூங்கிடுவா."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, டெய்லி உங்ககிட்டயா இருக்கா?" என்றாள் வினோதினி.

"அதெல்லாம் இல்லம்மா... எப்பவாச்சும். அண்ணாவுக்கு வேலை ஜாஸ்தி இருந்தா..."

"அவருக்கு என்ன வேலை?"

கைசர் ஜஹான் குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். பதில் இருசப்பனிடமிருந்து வந்தது. "இன்னாம்மா இப்டி கேக்கற? டீக்கடையில குந்திக்கினு பேத்தி வளக்கறாரே!"

கும்பல் சிரித்தது. வினோதினி சிரிக்கவில்லை.

"அப்ப ஒத்தடம்?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். சில்லறைக்காகச் சட்டையைப் பிடித்த பயணிகளிடமெல்லாம் வாய் கொடுத்து ஜெயித்தவன் நான். அன்று தலை நிமிரவில்லை.

"விடு வினோ. ட்ரெய்னிங் வேணாம்னு சொல்லிடலாம்" என்றார் கோபி மெதுவாக.

"ம்" என்றாள்.

அவள் அம்மாவும் இப்படித்தான். கைக்கு வந்ததையெல்லாம் ஒரு 'ம்' சொல்லி விட்டுக்கொடுப்பாள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

"வேணாம்னு சொல்லாதம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "எனக்குக் கொழந்தைய பாத்துக்கத் தெரியாது. கத்துக்கறேன்."

வினோதினி என் பக்கம் திரும்பவில்லை. கைசர் ஜஹான்தான் பேசினாள். "புள்ள நனைச்சிட்டாண்ணா. மொதல்ல இதைக் கத்துக்கோங்க."

வளையல் பெட்டிகளை நகர்த்திவிட்டுக் கடைப் பலகையிலேயே குழந்தையைக் கிடத்தினாள். ஊர் பார்க்க, இருசப்பன் பார்க்க, மாற்றுத் துணியை வாங்கிக் குனிந்தேன்.

"அண்ணா, அது முன்பக்கம்."

திருப்பிக் கட்டினேன். கரும்பைத் தாங்கிய தோளை மாற்றாமல் வினோதினி முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறுக்கிக் கட்டுங்க. வழியில அவுந்துடப் போவுது" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

தொட்டில் மறுபடி கிளம்பியது. கவியா விரலை விடாததால் கைசர் ஜஹானும் கூடவே நடந்தாள். நான் ஈரத்துணியைப் பிடித்தபடி கடைசியில் போனேன்.

"அக்கா, நாளையிலிருந்து கொழந்தைய நீங்க வாங்காதீங்க. அவரே வெச்சிருக்கட்டும்" என்று முன்னாலிருந்து வினோதினியின் குரல் வந்தது. "திங்கக்கிழமை காலையில அவ யார்கிட்ட போறான்னு பாத்துட்டு பதில் சொல்லிக்கறேன்."